வாசலில் கொடுக்காத டிக்கெட்

ரயிலை விட்டு இறங்கியவர் வாசலில் நிற்கும் டிக்கெட் கலெக்டரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்பது பல தலைமுறைகளாக இருந்த விதி. அப்படிச் சேர்ந்த டிக்கெட்டுகள் கணக்குப் பிரிவுக்குப் போகும், சரிபார்த்த பிறகு அழிக்கப்படும். ஆகவே இன்று யாரோ ஒருவர் ஆல்பத்தில் வைத்திருக்கும் பழைய மெட்ராஸ் ரயில் டிக்கெட் ஒவ்வொன்றும் எப்படியோ தப்பி வந்ததுதான். கூட்டத்தில் நழுவிப் போனவருடையதாக இருக்கலாம். விற்காமல் கட்டோடு அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம்.

படத் தபாலட்டையின் கதை நேர் எதிர். மவுண்ட் ரோடு, ஹைகோர்ட், கடற்கரை என்று அச்சான அட்டைகளை இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே அவை பத்திரமாக ஆல்பத்தில் ஏறின. அதனால்தான் நூறு வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸைத் தேடுபவர் மயிலாப்பூர் வீடுகளைவிட இங்கிலாந்து ஏலங்களில் அதிகம் தேட வேண்டியிருக்கிறது. சொந்த ஊரின் பழைய தாள்களைச் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் படத்துக்காக அட்டையை வாங்குகிறார்கள், டிக்கெட்டைச் சில்லறைப் பொருளாக நினைக்கிறார்கள். ஊர் எப்படி இயங்கியது என்பதற்கு நம்பகமான சாட்சி டிக்கெட்தான் என்பது என் கட்சி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நடுத்தர வயதைக் கடந்தவர்களின் விரல்களுக்கு அட்டை டிக்கெட்டின் கனம் இன்னும் நினைவிருக்கும். சுமார் 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். உலகின் பல நாடுகளில் இதே அளவுதான். இந்த அளவை முடிவு செய்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர். லங்காஸ்டரில் மரச்சாமான் செய்துகொண்டிருந்தவர், தொழில் நொடித்துப்போய், 1836-ல் நியூகாசில்–கார்லைல் பாதையில் மில்டன் என்ற சின்ன நிலையத்தில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது ஒவ்வொரு பயணிக்கும் டிக்கெட்டைக் கையால் எழுதித்தர வேண்டும். வரிசை நகராது என்பது ஒரு தொல்லை. எழுத்தர் எத்தனை பேரிடம் காசு வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய தொல்லை.

எட்மண்ட்சன் செய்தது இவ்வளவுதான்: புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அட்டையில் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் தொடர் எண்ணைப் போட்டார். ஊர்வாரியாக அவற்றைக் குழல் போன்ற தட்டுகளில் அடுக்கினார். கீழிருந்து ஒன்றை உருவினால் மேலிருப்பது தானே இறங்கும். மாலையில் கணக்கு முடிக்கும்போது, இப்போது அடியில் இருக்கும் எண்ணிலிருந்து காலையில் இருந்த எண்ணைக் கழித்துக் கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் இருக்க வேண்டிய பணம் தெரிந்துவிடும். எழுத்தரின் நேர்மையை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

தேதிக்கு அவர் தனியாக ஒரு பொறி செய்தார். டிக்கெட்டின் ஒரு முனையை அதன் வாயில் செருகி அழுத்தினால், நாடாவில் இருந்த மை வழியாகத் தேதி பதியும். நம் ஊர் கவுண்ட்டர்களில் அடுத்தடுத்துக் கேட்ட ‘டக்... டக்’ சத்தம் இந்தப் பொறியின் வாரிசுகள் போட்டதுதான். மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில்வே இந்த முறையின் அருமையைப் புரிந்துகொண்டு அவரை அழைத்துக்கொண்டது. மற்ற கம்பெனிகளிடம் அவர் மைலுக்கு வருஷம் 10 ஷில்லிங் என்று உரிமத்தொகை வாங்கினார். பிரிட்டிஷ் ரயில் இந்த டிக்கெட்டை 1990-ல் கைவிட்டது. நம் ஊரில் அதற்குப் பிறகும் ஓடியது. தெற்கு ரயில்வேக்கு ராயபுரத்தில் சொந்த அச்சகமே இருந்தது.

கணக்குப் பார்ப்பதற்கென்று பிறந்த பொருள் என்பதால், டிக்கெட்டின் வயதைக் கண்டுபிடிக்கத் தேவையானது எல்லாம் அதிலேயே இருக்கிறது. ‘மெட்ராஸ் ரயில்வே’ என்று இருந்தால் 1908-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் அது சதர்ன் மராட்டா ரயில்வேயுடன் இணைந்து எம்.எஸ்.எம். ஆனது. எம்.எஸ்.எம். அல்லது எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே) என்ற எழுத்துகள் இருந்தால் 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முந்தையது. அணாவில் கட்டணம் போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-லிருந்து 1964-க்குள். ‘மூன்றாம் வகுப்பு’ என்ற சொல் 1974-ல் ரயில்வேயை விட்டுப் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை வேண்டும். அதிகம் விற்காத ஊர்களின் டிக்கெட் தட்டிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிடும்; பழைய இருப்பு தீரும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அச்சும் தேதி முத்திரையும் முரண்பட்டால் முத்திரை சொல்வதுதான் பயணம் நடந்த நாள்.

சில டிக்கெட்டுகளில் அச்சான ஊரே இல்லாமல் போயிருக்கும். தனுஷ்கோடி என்று அச்சிட்டது கிடைத்தால், அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தையது என்பதில் சந்தேகமே வேண்டாம். எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன காலத்தின் தாள் அது.

பஸ் டிக்கெட் மெல்லிய தாள், விலைக்கொரு நிறம். கண்டக்டர் கட்டிலிருந்து விரலால் கிழித்துக் கொடுத்ததை இறங்கியதும் காற்றில் விட்டுவிடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதைச் சேர்த்தார்கள். அதில் காலத்தைக் காட்டுவது போக்குவரத்துக் கழகத்தின் பெயர். சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று 1972-லிருந்து வரிசையாக வந்த பெயர்கள் 1997-ல் ஒரே அடியாக நீக்கப்பட்டன. பெயர்களின் பேரில் எழுந்த சாதிக் கலவரம் அதற்குக் காரணம். கட்டபொம்மன் என்ற கழகப் பெயர் அச்சிட்ட கசங்கிய தாளில் தமிழ்நாட்டு அரசியலின் இருபத்து சொச்சம் ஆண்டுகள் இருக்கின்றன.

இனி படத் தபாலட்டை. இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1-ல் கால் அணாவுக்கு விற்பனைக்கு வந்தது; அதில் படம் கிடையாது. படத்தோடு வந்தவற்றில் பழையவற்றின் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டது. அதனால் எழுத வேண்டியதைப் படத்தின் ஓரத்திலேயே கிறுக்குவார்கள். பின்பக்கத்தின் நடுவே கோடு போட்டு, ஒரு பாதியில் செய்தி எழுதலாம் என்று பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது. மற்ற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கோடு இருக்கிறதா என்று கவனிப்பது சேகரிப்பாளருக்கு முதல் பாடம்.

ஆனால் தபாலட்டைக்கு மூன்று தேதிகள் உண்டு: படம் எடுத்த நாள், அச்சிட்ட நாள், தபாலில் போட்ட நாள். விற்பனையாளர்கள் முத்திரையில் இருக்கும் மூன்றாவதைச் சொல்லி விற்பார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தை மறுபடி மறுபடி அச்சிட்டுக்கொண்டே இருந்த காலம் அது. ஆகவே படத்துக்குள்ளேயே தடயம் தேட வேண்டும். எழும்பூர் நிலையக் கட்டடம் தெரிந்தால் 1908-க்குப் பின். ரிப்பன் கட்டடம் தெரிந்தால் 1913-க்குப் பின். டிராம் ஓடினால் 1953 ஏப்ரலுக்கு முன்.

டிராம் படங்களில் இன்னும் நுட்பமான ஒரு குறிப்பு உண்டு. 1895 மே 7-ல் மெட்ராஸில் ஓடத் தொடங்கியது இந்தியாவின் முதல் மின்சார டிராம். தொடக்கத்தில் அதற்கு மின்சாரம் தெருவுக்கு அடியில் ஓடிய குழாய்ப் பள்ளம் வழியாக வந்தது. நம் ஐப்பசி மழையை யோசிக்காமல் போட்ட திட்டம். பள்ளத்தில் தண்ணீர் புகுந்து தொல்லை கொடுத்ததால், சில ஆண்டுகளில் தலைக்கு மேல் கம்பிக்கு மாறினார்கள். தண்டவாளம் இருந்து கம்பி இல்லாத மவுண்ட் ரோடு படம் கையில் சிக்கினால், விற்பவரிடம் ஆர்வத்தைக் காட்டிக்கொள்ளாமல் விலை கேளுங்கள்.

ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் கிளைன் ஸ்டுடியோ போன்றவை இங்கே அட்டைகளை வெளியிட்டாலும், அச்சு வேலையில் பெரும்பங்கு ஜெர்மனியில் நடந்தது. மெட்ராஸைக் கண்ணால் பார்க்காதவர்கள் கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றினார்கள். எனவே சேலையின் நிறத்தையும் வானத்தின் நிறத்தையும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. முதல் உலகப்போர் இந்த வணிகத்தை வெட்டியது. ‘ஜெர்மனியில் அச்சிட்டது’ என்ற வரி பெரும்பாலும் 1914-க்கு முந்தைய அடையாளம். அந்த வருஷம் செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. எரிந்த தொட்டிகளின் படமும் தபாலட்டையாக வந்துவிட்டது.

போலிகள் நிறைய இருக்கின்றன. பழைய அட்டையை ஸ்கேன் செய்து அச்சிட்டு, தேநீரில் நனைத்து விற்பவர்களும் உண்டு. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். உண்மையான புகைப்பட அட்டையில் புள்ளிகளே தெரியாது, நிழல் இழைந்து போகும். பழைய கொலோடைப் அச்சில் நெளிநெளியான ரேகைகள் தெரியும். சீரான வண்ணப் புள்ளி வரிசை ‘1905’ என்று சொல்லும் அட்டையில் தெரிந்தால் உஷாராகுங்கள். புற ஊதா விளக்கில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால், 1950 வாக்கில் புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டி அதில் கலந்திருக்கிறது.

தேடும் இடங்கள் என்று கேட்டால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பழைய புத்தகக்கடைகள், தபால்தலைக் கண்காட்சிகள். முக்கியமாக, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களின் பரண்.

கிடைத்ததை லாமினேட் செய்வது கொலை. பிவிசி உறையும் ஆகாது. அதிலிருந்து கசியும் பொருள் மையைத் தின்னும். பாலிப்ரொபிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. ஒட்டும் பக்கங்கள் கொண்ட கல்யாண ஆல்பம் வேண்டாம். எங்கே, எப்போது வாங்கியது என்பதைப் பேனாவால் எழுதாமல், பின்பக்க ஓரத்தில் மென்பென்சிலால் எழுத வேண்டும். சென்னையின் ஈரத்தில் இராமபாணப் பூச்சி வராமலிருக்க, பெட்டியில் சிலிக்கா ஜெல் பையைப் போட்டு அவ்வப்போது மாற்றுவது நல்லது.

இன்றைய டிக்கெட்டைச் சேர்ப்பதுதான் கடினமான வேலை. கண்டக்டர் கையிலிருக்கும் சின்ன மெஷின் துப்புவது வெப்பத்தால் கறுக்கும் தாள். அதில் மையே கிடையாது, தாளின் பூச்சுதான் நிறம் மாறுகிறது. வெயிலும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் சில வருஷங்களில் எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். அதனால் வாங்கிய அன்றே ஒரு ஸ்கேன், சாதாரணத் தாளில் ஒரு நகல். அசலை இருட்டில், பிளாஸ்டிக் படாமல், காகித உறையில் போட்டு வையுங்கள்.