காப்பீடு இல்லாத பிறர் வாகனத்தை ஓட்டுதல்

காப்பீடு இல்லாத பிறர் வாகனத்தை ஓட்டுதல் என்பது, மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு (இன்சூரன்ஸ்) நடைமுறையில் இல்லாத ஒரு மோட்டார் வாகனத்தை, அதன் உரிமையாளர் அல்லாத ஒருவர் பொது இடத்தில் ஓட்டுவதைக் குறிக்கும். இந்தியாவில் இது மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் கீழ் தண்டனைக்குரிய குற்றமாகும். ஓட்டியவர், ஓட்டக் கொடுத்தவர் ஆகிய இருவரும் இதற்குப் பொறுப்பாவர். விபத்து நேரிட்டால், அபராதத்தைவிடப் பன்மடங்கு பெரிய இழப்பீட்டுச் சுமையும் இவர்கள் மீது விழக்கூடும்.

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் போன்ற ஊர்களில், மருத்துவமனைக்கோ திருமணத்திற்கோ ஆடித்தபசுத் திருவிழாவிற்கோ உறவினர் அல்லது நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டுவது இயல்பான வழக்கமாகும். இவ்வாறு வாங்கும்போது காப்பீட்டின் முடிவுத் தேதியைக் கேட்பது அரிது.

வரலாறு

பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதனைப் பின்பற்றி இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1939 இல் இதற்கான அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 1946 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தற்போதைய 1988 ஆம் ஆண்டுச் சட்டம் 1989 சூலை 1 முதல் செயற்படுகிறது. 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2019 செப்டம்பர் 1 முதலும், காப்பீடு பற்றிய புதிய அத்தியாயம் 2022 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எசு. ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்றைத் தொடர்ந்தார். அவ்வழக்கில் 2018 சூலையில் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களை விற்கும்போதே 3 ஆண்டுகளுக்கும், புதிய இரு சக்கர வாகனங்களை விற்கும்போதே 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. இக்காலம் முடிந்த பின்னர் புதுப்பிக்க மறந்துவிட்டால், அவ்வாகனம் காப்பீடு அற்றதாகிவிடும்.

காப்பீடு யாரைச் சார்ந்தது?

பிரித்தானியாவில் காப்பீடு பெரும்பாலும் பெயர் குறிப்பிடப்பட்ட ஓட்டுநரைச் சார்ந்துள்ளது. இந்தியாவில் அது வாகனத்தைச் சார்ந்துள்ளது. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உடைய எவரும் உரிமையாளரின் அனுமதியுடன் காரை ஓட்டலாம். காப்பீடு அவர் ஓட்டும்போதும் செல்லும். எனவே இரவல் காரை ஓட்டுவது தன்னளவில் குற்றமன்று. எனினும், ஓட்டுபவர் தம் சொந்தக் காருக்கு எடுத்துள்ள காப்பீடு இரவல் காருக்குப் பயன்படாது.

தண்டனைகள்

* காப்பீடு இன்றி ஓட்டுதல், ஓட்ட அனுமதித்தல் (பிரிவு 196): முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ. 2,000 அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ. 4,000 அபராதம் அல்லது இரண்டும்.
* உரிமம் இன்றி ஓட்டுதல் (பிரிவு 181), உரிமம் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்தல் (பிரிவு 180): 3 மாதம் வரை சிறை அல்லது ரூ. 5,000 அபராதம் அல்லது இரண்டும்.
* உரிமையாளரின் அனுமதி இன்றி எடுத்து ஓட்டுதல் (பிரிவு 197): 3 மாதம் வரை சிறை அல்லது ரூ. 5,000 அபராதம் அல்லது இரண்டும்.
* 18 வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் புரிந்தால் (பிரிவு 199அ), பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவும் 12 மாதங்களுக்கு நீக்கப்படும்.

காப்பீடு இல்லை என்பது தெரியாமல் ஓட்டிய சம்பள ஓட்டுநருக்குப் பிரிவு 146 விலக்கு அளிக்கிறது. இரவல் வாங்கி ஓட்டும் உறவினருக்கோ நண்பருக்கோ இவ்விலக்கு இல்லை.

அசட்டையாக ஓட்டி மரணம் விளைவித்தால், 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106 இன் கீழ் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். இக்குற்ற வழக்கு ஓட்டியவர் மீதானது. காப்பீடு இருந்தாலும் இதிலிருந்து விடுபட இயலாது.

இழப்பீட்டுப் பொறுப்பு

விபத்தில் பாதிக்கப்பட்டவரோ இறந்தவரின் குடும்பத்தாரோ மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். விபத்து நடந்த பகுதி, மனுதாரர் வசிக்கும் பகுதி, எதிர்மனுதாரர் வசிக்கும் பகுதி ஆகிய மூன்றில் எதற்கு அதிகாரமுள்ள தீர்ப்பாயத்தையும் அணுகலாம். ஆகவே வெளியூரில் விபத்தில் சிக்கிய சங்கரன்கோவில்வாசி, தம் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய இயலும்.

உச்ச நீதிமன்றம் 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் வகுத்த முறையில் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மாதம் ரூ. 15,000 ஈட்டிய 30 வயது விசைத்தறித் தொழிலாளி ஒருவர், அவரை நம்பி நால்வர் உள்ள நிலையில், திருநெல்வேலி சாலையில் கார் மோதி இறந்ததாகக் கொள்வோம்.

* ஆண்டு வருமானம்: ரூ. 1,80,000
* எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால்: ரூ. 2,52,000
* சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால்: ரூ. 1,89,000
* 26 முதல் 30 வயது வரையிலானோருக்கான பெருக்கெண் 17 ஆல் பெருக்கினால்: ரூ. 32,13,000

ஈமச்செலவு போன்றவற்றுக்கான தொகையும் வட்டியும் இதனுடன் சேரும். காப்பீடு இருந்தால் இத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். 1,000 முதல் 1,500 கன செ.மீ. வரையிலான தனியார் காருக்கு 2022 சூன் 1 முதல் நிர்ணயிக்கப்பட்ட ஓராண்டு மூன்றாம் தரப்புக் கட்டணம் ரூ. 3,416 (வரி நீங்கலாக) என்பது ஒப்பிடத்தக்கது.

காப்பீடு இல்லாதபோது உரிமையாளரும் ஓட்டியவருமே முழுத் தொகையையும் செலுத்தவேண்டும். செலுத்தத் தவறினால், பிரிவு 174 இன் கீழ் தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். ஆட்சியர் அத்தொகையை நிலவரி பாக்கி போல வசூலிப்பார். வீடும் நிலமும் பறிமுதலுக்கு உள்ளாகலாம். செலுத்துவதற்குச் சொத்து எதுவும் இல்லை எனில், தீர்ப்பு தாளளவிலேயே நின்று, இறந்தவரின் குடும்பம் இழப்பீடு இன்றித் தவிக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, விபத்தில் சிக்கிய காப்பீடற்ற வாகனத்தை, உரிமையாளர் போதிய பிணை அளித்தாலன்றி நீதிமன்றம் விடுவிக்காது. பிணை அளிக்காவிடில், 3 மாதங்களுக்குப் பின்னர் வாகனம் ஏலம் விடப்பட்டு, தொகை தீர்ப்பாயத்தில் செலுத்தப்படும்.

ஓட்டியவருக்குக் காயம் ஏற்பட்டால்

இரவல் வாங்கி ஓட்டியவர் சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என உச்ச நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டிலும் 2020 ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்துள்ளது. எனவே அவர் தாம் ஓட்டிய வாகனத்தின் காப்பீட்டில் மூன்றாம் தரப்பினராக இழப்பீடு கோர இயலாது. தனிநபர் விபத்துக் காப்பீடு அவருக்கும் பொருந்துமாறு எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அத்தொகையைப் பெறலாம். மோதிய மற்றொரு வாகனத்தின் மீது தவறு இருப்பின், அதன் உரிமையாளர் மீதும் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் மனு செய்யலாம்.

பெயர் மாற்றப்படாத வாகனங்கள்

எவர் பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் ஆவார். பலர் கைமாறிய ஒரு கார் தொடர்பான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை விற்ற பின்னரும் பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) பெயரை மாற்றாதவர், தாம் அறியாத ஒருவர் ஏற்படுத்திய விபத்துக்குப் பொறுப்பாக நேரிடும். மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனையை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமையாகும்.

தவறான கருத்துகள்

* விபத்து நடந்த அன்றே காப்பீடு எடுத்தால் போதும் என்பது தவறு. ஆவணத்தில் தொடங்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தால், அந்நேரம் முதலே அது செல்லும்.
* உரிமம் இல்லாதவர் ஓட்டினால் பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் கிடைக்காது என்பதும் முழுமையாகச் சரியன்று. 2004 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பின்பற்றி, காப்பீட்டு நிறுவனம் முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு ஆணையிடப்படுவதுண்டு. காப்பீடே இல்லாத வாகனத்தில் இவ்வழியும் இல்லை.

முன்னெச்சரிக்கை

வாகனத்தின் காப்பீட்டு முடிவுத் தேதியை, அதன் பதிவெண்ணைக் கொண்டு நடுவண் அரசின் எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம். வண்டியை வாங்குபவர் காப்பீட்டையும், கொடுப்பவர் ஓட்டுபவரின் உரிமத்தையும் சரிபார்த்துக்கொள்வது இருவரையும் காக்கும். காப்பீடு முடிந்திருப்பின், புதுப்பிக்கும் வரை அவ்வாகனத்தைச் சாலைக்குக் கொண்டு வராதிருப்பதே சட்டத்திற்கு உகந்ததாகும்.