மின்னூல் அலமாரி – 7: ஏற்காட்டுக்காரர் ஒருவர், பெயர்கள் நான்கு

சேர்வராயன் மலையைப் பற்றிப் பத்து மின்னூல்களைச் சேர்த்தாலே தலைவலி தொடங்கிவிடும். லெ ஃபனுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது. ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் 1918இல். இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும் இந்திய மின்னூலகத்தின் பழைய நூல்கள் பலவற்றில் கோப்புப் பெயர் ‘2015’ என்று தொடங்கி ஓர் எண்ணாக நீளும். அதை வெளியான ஆண்டு என்று நம்பினால், குதிரையில் மலையேறிய காலத்துப் புத்தகம் நேற்று அச்சானதாகிவிடும்.

ஆசிரியர் பெயரோ இதைவிடச் சிக்கல்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டுவாசி. 1912இல் மறைந்த அவருக்கு அவ்வூர் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒரு கோப்பில் அவர் ‘ஆர். பி. ஃபூட்’, இன்னொன்றில் ‘புரூஸ் ஃபூட்’, மூன்றாவதில் ‘ஃபூட், ராபர்ட் புரூஸ்’. தமிழில் வந்தால் ‘புரூசு புட்’ வேறு. கணினியைப் பொறுத்தவரை இவர்கள் நான்கு பேர், ஒருவருக்கொருவர் அறிமுகம்கூடக் கிடையாது. இத்தனைக்கும் மனிதர் பட்டியல் போடுவதில் சூரர். அவர் சேகரித்த கற்கருவிகளையும் பானையோடுகளையும் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதிய விளக்கப் பட்டியல் 1914இல் வந்தது, குறிப்புகள் 1916இல். இரண்டுமே அவர் இறந்த பிறகுதான்.

கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்ற இலவச மென்பொருள் இங்கே கைகொடுக்கும். அதில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, நான்கு வடிவங்களையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றினால் நூல்கள் ஒரே பெயரின்கீழ் சேர்ந்துவிடும். கோப்புறைகளையும் அதுவே நகர்த்திக்கொள்ளும். கையால் நகர்த்தப் போனால் குழப்பம்தான். ஒரு குறை: கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக நினைக்கும் மேல்நாட்டுப் பழக்கம் அதற்கு. ரா. பி. சேதுப்பிள்ளை ‘சே’ வரிசைக்குப் போவது நல்லதே. ‘கல்கி கிருஷ்ணமூர்த்தி’ என்று இட்டால் கல்கியைக் ‘கி’யில் தேட வேண்டியிருக்கும். வரிசைக்கான பெயரை அங்கே நாமே திருத்த வேண்டும்.

எழுத்தாளர் மௌனியின் நூல்களைத் தேடியவர்களுக்கு இன்னொரு கண்ணாமூச்சி தெரியும். யாரோ ‘மெ’ தட்டி, அடுத்து ‘ள’ தட்டியிருப்பார். ‘மௌனி’, ‘மெளனி’ இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவலுக்கும் இதே கதி: பார்சிவல், பேர்சிவல், பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர் இவர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலப் பெயர்ப்போடு தொகுத்தார்; அந்தப் பதிப்பு 1874இல் வந்தது. 1882இல் ஏற்காட்டில் காலமானார். பழமொழி நூலின் தலைப்பில் ஊர்ப்பெயர் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. தலைப்பை முகப்புத்தாளில் அச்சிட்டபடியே விட்டுவிட்டு, ‘ஏற்காடு’ என்று ஒரு குறிச்சொல் மட்டும் சேர்த்தால் போதும். ‘ஷெவராய்’ என்றும் ‘சேர்வராயன்’ என்றும் தனித்தனியே குறி வைக்காமல் அந்த ஒன்றைச் சொடுக்கினால், மாமனாரின் பழமொழிகளும் மருமகனின் கற்களும் ஒரே திரையில் வந்து நிற்கும்.