கூரைக்குப் போர்வை காற்றுதான், தெரியுமா?

டொரொன்டோவில் ஜனவரி மாதம். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றின் சரிவுக் கூரையில் பனி கலையாமல் கிடக்கிறது. மற்றதில், கூரை வேய்ந்த ஷிங்கிள் தகடுகள் தெரிய உருகிவிட்டது. எந்த வீடு நல்ல வீடு? பனி கிடக்கிறதே, அந்த வீடுதான்! உருகிய கூரை வழியாக, வீட்டுக்காரர் காசு கொடுத்து மூட்டிய வெப்பம் வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

வெப்பம் மட்டும் போனால் பரவாயில்லையே! உருகிய நீர் வழிந்து இறவாரத்துக்கு வருகிறது. அந்த விளிம்புக்கு அடியில் வீடு இல்லை, சூடும் இல்லை. வந்த நீர் அங்கேயே உறைந்து கட்டியாகிறது. பின்னால் வரும் நீருக்கு அது அணை! தேங்கிய நீர் ஷிங்கிளுக்கு அடியில் பின்னோக்கி ஏறி, படுக்கையறைக்குள் சொட்டுகிறது. ஒரு துளி மழை இல்லாத நாளில் வீடு ஒழுகுகிறது!

இதைத் தடுக்க, கைமரங்களுக்கு நடுவே எதை அடைக்கிறார்கள்? பெரும்பாலும் கண்ணாடியை! அசையாத காற்றைவிடச் சுமார் 40 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிற அதே கண்ணாடியை. அதை நாராக இழுத்துப் பஞ்சாக்கிவிட்டால் கதையே மாறிவிடுகிறது. நார்களின் இடுக்கில் காற்று அசையாமல் சிறைப்படுகிறது. குளிரைத் தாங்குவது அந்தக் காற்றுதான். கண்ணாடி வெறும் காவலாள். அதனால்தான் 6 அங்குலப் பஞ்சை 4 அங்குல இடத்தில் திணிப்பது பெரும் தவறு. காற்று பிதுங்கி வெளியேறும்; அட்டையில் எழுதியிருக்கும் வெப்பத்தடை அளவு கிடைக்காது.

இந்தப் பஞ்சு பிறந்ததே ஒரு தற்செயல்! 1932-இல் அமெரிக்காவில் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர், கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றார். உருகிய கண்ணாடியில் அழுத்தக் காற்று பட, அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. எரிமலை இதை எப்போதோ செய்துவிட்டது: ஹவாயில் எரிமலைக் குழம்பு காற்றில் இழையாக நீண்டு உறைவதற்கு, எரிமலைத் தெய்வத்தின் பெயரால் 'பெலேயின் கூந்தல்' என்று பெயர். பாறையை உருக்கிப் பாறைப்பஞ்சு செய்வதும் அதே வித்தைதான். நேற்றைய செய்தித்தாளைப் பொடியாக்கி, தீப்பிடிக்காமல் இருக்க போரான் உப்பு கலந்து அடைப்பதும் உண்டு!

இனிதான் உண்மையான எதிரி வருகிறது. டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு தமிழ் வீட்டில் புட்டு அவிக்கும் ஆவி எங்கே போகிறது? ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூட முடியாது. ஈரக்காற்று சந்து வழியே ஏறிக் குளிர்ந்த கூரைப் பலகையைத் தொட்டால், மிச்சம் முழுவதும் நீர்! பஞ்சு நனையும், பலகை பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பஞ்சை அடைப்பதற்கு முன்னால், விளக்குத் துளை, குழாய்ச் சந்து, அட்டிக் எனும் கூரையடி அறையின் கதவு விளிம்பு எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், பாதி வேலை இதுதான்.

குளிர் ஊரில், பஞ்சுக்கு உட்புறம், அறைப்பக்கமாக, ஆவித் தடுப்புத் தாள் வேண்டும். அதே தாளை ஏசி ஓடும் ஈரமான ஃபுளோரிடாவில் உட்புறம் வைத்தால் கெடுதல்! அங்கே ஆவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

சந்துகளையெல்லாம் அடைத்தபின், பஞ்சுக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே ஓர் இடைவெளியை வேண்டுமென்றே விடுகிறார்கள்! பிரிட்டனில் 50 மில்லிமீட்டர் விடுவது வழக்கம். இறவாரத்தில் நுழைந்த குளிர்காற்று முகட்டில் வெளியேறுகிறது. தப்பி வந்த ஈரத்தையும் சூட்டையும் கூடவே கொண்டுபோகிறது. கூரை குளிர்ந்தே இருப்பதால் பனியும் உருகுவதில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று மட்டும். பழைய அட்டிக்கில் பழுப்பாக, மினுமினுக்கும் சிறு துகள்கள் கொட்டிக்கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். அமெரிக்காவில் மொன்டானாவின் லிபி சுரங்கம் 1990-இல் மூடப்படும்வரை, அங்கிருந்து வந்த வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. துகளைத் தொடாதீர்கள், கூட்டாதீர்கள். அட்டிக் கதவைச் சாத்திவிட்டு, பரிசோதிக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.