சரக்கு வராத நாள்களுக்குச் சிறு தொழில்களை ஆயத்தம் செய்தல்

எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆகிய இடங்களில் அமைந்துள்ள துறைமுகமும் ஆலைகளும் பெரியவை. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் நடைபெறும் தொழில்களோ சிறியவை. மீன் கூடை, சிற்றுண்டிக் கடை, இரண்டு கறவை மாடு, ஒரு பட்டறை என்பவையே அவை. பெரிய வாயில் ஒன்று அடைபடும்போது முதலில் முடங்குபவை இச்சிறு தொழில்களே என்பதை 2023 டிசம்பர் மாதம் நமக்கு நன்கு உணர்த்திற்று.

அம்மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் பெய்த பெருமழையில் சாலைகள் மூழ்கின. சென்னை நகரில் பால் கிடைப்பது அரிதாயிற்று. வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மீன் வாங்குவோரும் அஞ்சினர். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணமாக அரசு அறிவித்தது. அத்துன்பம் தீருமுன்னரே, 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தின் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அதனைப் பயன்படுத்தி வந்த உர ஆலை நிறுத்தப்பட்டது. நவரைப் பட்டத்திற்கு விவசாயிகள் ஆயத்தமாகும் சமயம் அது.

சாலை, சந்தை, ஆலை என ஒரே மாதத்தில் மூன்று வகைத் தடைகள்! அடுத்து எது வரும் என்பதை முன்னறிதல் எவர்க்கும் இயலாது. ஆயினும், சரக்கு வராவிடில் எத்தனை நாள் தாங்குவோம் என்பதை ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் அலுவலகத்திற்கு வரும் வியாபாரிகளை எத்தனை நாள் சரக்கு உள்ளதெனக் கேட்டால், "இருக்கிறது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

கடற்கரை மக்களுக்கு இக்கணக்கு புதிதன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. அந்நாள்களில் இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன, வலைகள் செப்பனிடப்படுகின்றன. மீன் விற்கும் பெண்கள் நாட்டுப்படகு மீனையும் கருவாட்டையும் கொண்டு தொழிலை நடத்துகின்றனர். தேதி குறித்து வரும் தடைக்குச் செய்யும் இவ்வேற்பாட்டையே தேதி குறியாமல் வரும் தடைக்கும் செய்தல் வேண்டும். ஒன்று மட்டும் வேறுபாடு: மழைக்காலத்தில் கருவாடு காயாது. அப்போது மீனைத் தொட்டியில் உப்பிட்டு வைப்பதே வழியாதலின், ஐப்பசிக்கு முன்பே உப்பு வாங்கி வைத்தல் நலம்.

கணக்கிடும் முறை எளிது. ஒரு விவசாயி தம் மாடுகளுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ தீவனம் செலவிடுகிறார் எனக் கொள்வோம். சொல்லியனுப்பினால் 2 நாளில் மூட்டை வந்து சேரும். சென்ற வெள்ளத்தில் வண்டி 7 நாள் வரவில்லை. ஆக, 9 நாளுக்கு உரிய 108 கிலோ எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். இருப்பு அந்த அளவுக்கு இறங்கியவுடனே அடுத்த மூட்டைக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் வாங்கிக் குவிப்பது பணத்தை முடக்குவதாகும். யூரியா ஈரத்தை ஈர்த்துக் கட்டியாகிவிடும். அதனைப் பலகையின் மேல், சுவரில் படாமல் அடுக்கி வைக்க வேண்டும். ஒரு பட்டத்திற்குத் தேவையான அளவே போதுமானது.

ஐஸ் கட்டியைப் போலச் சேமிக்க இயலாத பொருள்களுக்கு இரண்டாவது வியாபாரி ஒருவர் தேவை. இதில்தான் பலரும் தவறுகின்றனர். ஒரே சாலையில் உள்ள இரண்டு கடைகளை இரண்டெனக் கொள்ளலாகாது. சாலை அடைபட்டால் இரண்டும் ஒருங்கே அடைபடும். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர் பெருமளவில் திறந்துவிடப்படும்போது கொசஸ்தலை ஆறு பெருகி, மணலி புதுநகர்ப் பக்கத்தை வெள்ளம் சூழ்ந்துகொள்வதுண்டு. ஆகவே, மணலியில் சரக்கெடுக்கும் மீஞ்சூர்க் கடைக்காரர், தச்சூர், பொன்னேரி வழியாகச் சரக்கு அனுப்பக்கூடிய மற்றொருவரிடமும் மாதம் ஒரு முறையேனும் சிறிது வாங்கி வருதல் வேண்டும். அறிமுகம் இல்லாதவருக்கு வெள்ள நாளில் கடனுக்குச் சரக்குக் கிடைப்பது அரிது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் காப்பீடு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. புயல், வெள்ளத்தால் சரக்கிற்கு நேரும் சேதம் அதில் அடங்கும். கடை மூடியிருந்த நாள்களின் வருமான இழப்பு அடங்காது. இழப்பீடு கோருகையில் இருப்புப் புத்தகமும் பில்களும் கேட்கப்படும். அவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரமான பரணில் வைத்தல் வேண்டும்.

அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் வரும் கூட்டம் அது. மேட்டு நிலத்தில் சரக்கு இறக்கி வைக்க இடம் தரக்கூடியவர் யார், தண்ணீரில் செல்லக்கூடிய டிராக்டர் எவரிடம் உள்ளது என்னும் விவரங்களை உறுப்பினர்கள் அன்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிடலாம். டிராக்டருக்கு வாடகை எவ்வளவு என்பதையும் அக்கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. முழங்கால் நீரில் நின்று பேரம் பேசியவர்களை நாம் கண்டிருக்கிறோம்.