காதுக்குள் போகும் இயர்போன்: ஒலி முதலா, சுகம் முதலா?

லட்ச ரூபாயை எட்டும் இயர்போன்கள் இருக்கின்றன. வாங்கவும் ஆள் இருக்கிறது. அப்படி வாங்கியவர்களில் சிலர் ஒரே வாரத்தில் "பாஸே வரலையே" என்று புலம்புவதும் உண்டு. பெரும்பாலும் தவறு இயர்போனில் இல்லை. அதன் முனையில் செருகியிருக்கும் சின்ன ரப்பர் டிப் காதில் சரியாக உட்காரவில்லை. இந்த வகை இயர்போனைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அந்த டிப்போடுதான்.

காரணம் எளிது. செவிப்பறைக்கும் இயர்போனுக்கும் நடுவே அடைபடும் காற்று மிகக் கொஞ்சம். அந்தக் காற்றை லேசாக அமுக்கி விரித்தாலே போதும், ஆழமான கீழ் சுருதி கிடைத்துவிடும். ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி செய்கிற வேலையை நகக்கண் அளவுக் கருவி செய்துவிடுகிறது. ஆனால் டிப்புக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடும். முதலில் காணாமல் போவது பாஸ்தான். அதன்பின் எஞ்சுவது தகரச் சத்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் செவிக்குழாயின் நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். ஒருபக்கம் திறந்து மறுபக்கம் செவிப்பறையால் மூடிய குழாய் என்பதால், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே 10 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது. நம் மூளை பிறந்ததிலிருந்து இப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறது. குழாயின் வாயை அடைத்துவிட்டால் இந்த இயல்பான அதிர்வு போய்விடும்; அதை இயர்போனே சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆக, அளவுக்கருவியில் நேர்கோடாக ஒலிக்கும் இயர்போன் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும். டிப் எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து மேல் சுருதிகளும் இடம் மாறும். ஒருவருக்கு இனிக்கும் அதே இயர்போன் இன்னொருவருக்கு 'ஸ', 'ஷ' வரும்போதெல்லாம் காதைக் குத்துவது இதனால்தான். அதனால் விமர்சனங்களைப் படித்து மட்டும் வாங்காதீர்கள். அவை எழுதியவரின் காதைப் பற்றியவை.

உயர்தர இயர்போன்களுக்கு இரண்டு பூர்வீகம். ஒன்று ஆய்வுக்கூடம். செவித்திறன் கருவிகளில் ஊறிய அமெரிக்க விஞ்ஞானி மீட் கில்லியன் 1983இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய இஆர்-4 இயர்போன் 1991இல் வந்தது. அதன் உள்ளே இருப்பது பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்கிற டிரைவர், அதாவது ஒலியை உண்டாக்கும் உறுப்பு: இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்ததும் நாக்கு அசைய, ஒரு நுண்ணிய ஊசி அந்த அசைவைச் சவ்வுக்குக் கடத்துகிறது. காது கேட்கும் கருவிகளில் பல காலம் உழைத்த நுட்பம்.

மற்றொன்று மேடை. 1995இல் வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதின் அச்செடுத்து இயர்போன் செய்துகொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. வேர்வையிலும் குதிப்பிலும் கழலாமல் மணிக்கணக்கில் காதில் நிற்க வேண்டும் என்பது மேடையின் நிபந்தனை. ஆய்வுக்கூடத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

இந்த வேறுபாடு இன்றுவரை தொடர்கிறது. இஆர்-4 வரிசையின் டிப், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குடை விரித்தது போல இருக்கும். அதைச் செவிக்குழாயின் குருத்தெலும்புப் பகுதியைத் தாண்டி எலும்புப் பகுதி வரை செருக வேண்டும். எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, டிப்பைச் சற்று ஈரப்படுத்தி, மெதுவாகத் திருகித் தள்ளினால் உள்ளே போகும். கழற்றும்போதும் திருகித்தான் எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வெற்றிடம் உண்டாகிச் செவிப்பறை வலிக்கும். முதல் நாள் பலருக்கு இது சித்திரவதை. ஆனால் ஆழமாகப் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. காதை வாசலில் மட்டும் அடைத்தால் நம் குரலும் நடையும் மெல்லும் சத்தமும் உள்ளே முழங்கும். எலும்புப் பகுதி வரை அடைத்துவிட்டால் அந்த முழக்கம் வெகுவாகக் குறைகிறது.

ஷூர் எஸ்இ846 மேடைப் பரம்பரை. 2013இல் 999 டாலருக்கு வந்தது. ஒவ்வொரு பக்கமும் நான்கு ஆர்மேச்சர் டிரைவர்கள். உடல் காது மடலின் குழிக்குள் படிந்து உட்கார, கேபிள் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் போகும். கேபிள் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் வராமல் இருக்க இது நல்ல வழி. சென்ஹைசர் ஐஇ 900 வேறு பாதை: 2021இல் வந்த இதில் சாதாரண ஸ்பீக்கர் போல இயங்கும் 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றே ஒன்று. டிரைவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் கணிப்பைச் சொல்கிறேன். இரவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாய்ப்பாட்டும் வீணையும் நுணுகிக் கேட்பவருக்கு இஆர்-4 வகை போதும். விலையும் ஷூரில் பாதிக்கும் கீழே. ரயிலிலும் அலுவலகத்திலும் நாலைந்து மணி நேரம் மாட்டியிருப்பவர் ஷூர் போன்றதைப் பார்க்கலாம். சுகமில்லாத இயர்போன் எவ்வளவு துல்லியமாக ஒலித்தாலும் மேசை இழுப்பறையில்தான் தூங்கும்.

கடையில் சோதிக்க மிருதங்க இசை நல்ல துணை. இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் வளைந்து எழும்பி அடங்குவது கேட்கிறதா? கேட்காவிட்டால் இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பாஸ் சட்டென்று கூடினால் டிப் பொருந்தவில்லை என்று அர்த்தம், அளவை மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் சேரும் என்பதில்லை, வலதுக்கு நடுத்தரமும் இடதுக்குச் சிறியதும் சேருவது சாதாரணம். சிலிகான் ஒத்துவராதவர்கள் ஃபோம் டிப்பை விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஃபோம் சில மாதங்களில் தேய்ந்துபோகும், மாற்ற வேண்டும். எந்த டிப்பானாலும் செருகிய பிறகு தாடையை அசைத்துப் பாருங்கள், சிரியுங்கள். அப்போதும் அடைப்பு விடாமல் இருந்தால்தான் சரி.

இரண்டு மாடலை ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்கட்டும். சற்றே சத்தமாக ஒலிப்பதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும். இயர்போனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காதுக்குள் போன பொருள் என்று பல கடைகள் மறுத்துவிடும். சில மாதம் கழித்து ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் பழுது என்று பதறாமல் குழல் முனையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நன்றாகப் பொருந்திய டிப் வெளிச்சத்தத்தைப் பெருமளவு தடுப்பதால் பாட்டைக் கூட்டி வைக்கும் தேவையே குறைகிறது. சாலையில் நடக்கும்போது மட்டும் அதே காரணத்துக்காகக் கழற்றிவிடுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான்.