திருவள்ளூர்க் கிருமியும் நியூயார்க் வரைபடமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் டிப்ளமோ படித்தவருக்கு வேலை உண்டு. மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிர்தகவலியலில் எம்.எஸ்சி. முடித்தவரை அங்கே யாரும் தேடப்போவதில்லை. 'அதைப் படித்து இங்கே என்ன செய்வாய்?' என்று இந்த வட்டாரத்துப் பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் அந்தப் படிப்பு விடை தேட வேண்டிய பெரிய கேள்விகளில் ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திருவள்ளூர் மண்ணிலேயே கிடக்கிறது. காசநோயைச் சொல்கிறேன்.

திருவள்ளூரையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் களச் சோதனை தொடங்கியது. அந்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற முடிவு வந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் உடலை முன்பே பழக்கியிருக்கலாம் என்றனர் சிலர். தென்னிந்தியக் கிருமியே வேறு வகை என்றனர் வேறு சிலர். பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையம் இம்மாவட்டத்தில் திரட்டிய கிருமிகளை, அப்போது உலகெங்கும் வழக்கிலிருந்த டி.என்.ஏ. கைரேகை முறையில் பார்த்தார்கள். கணிசமான கிருமிகளில் அந்த முறை தேடும் அடையாளத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய அது போதவில்லை. வெளியூர் அளவுகோல் இங்கே தடுமாறியது.

இந்தத் தடுமாற்றம் கணினிக்குள்ளும் தொடர்கிறது. 1998இல் காசக் கிருமியின் முழு மரபணுத்தொகுதி வெளியானது: சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். அதற்கு எடுத்துக்கொண்ட கிருமியின் மூல வகை, 1905இல் நியூயார்க் மாநிலத்துச் சானடோரியம் ஒன்றில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காசக் கிருமிகளை வம்சாவளிகளாகப் பிரித்தால் அது நான்காம் வம்சாவளி. தமிழ்நாட்டில் மிகுதியாக இருப்பதோ பழமையான முதலாம் வம்சாவளி. அதில் உள்ள டி.பி.டி.1 என்ற பகுதி நியூயார்க் கிருமியில் உதிர்ந்துபோய்விட்டது. நோயாளியின் கிருமியிலிருந்து கிடைக்கும் துண்டு துண்டான எழுத்துகளை மென்பொருள் அந்த நியூயார்க் வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும்; வரைபடத்தில் இல்லாத துண்டுகளை ஒதுக்கிவிடும். ஒதுக்கியதைக் கேள்வி கேட்க, கிருமியைத் தெரிந்த ஆள் வேண்டும். தென்னிந்தியக் கிருமிகள் 223இன் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரையும், இந்த வட்டாரத்துக்கேற்ற மருந்தெதிர்ப்புப் பரிசோதனைகள் தேவை என்றே சொன்னது.

எழுத்துகளைப் படிப்பதோடு வேலை முடிவதில்லை. மரபணுக்கள் கூடி எப்படி ஓர் உயிரை நடத்துகின்றன என்பதைக் கணக்காக்குவது அமைப்பு உயிரியல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் ராமன், ப்ரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா மூவரும் காசக் கிருமியின் மெழுகுச் சுவர் உருவாகும் பாதையை 28 புரதங்கள், 219 வேதிவினைகள் கொண்ட கணித மாதிரியாக்கி 2005இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு மரபணுவாகக் கணினியில் நீக்கி, எதை நீக்கினால் சுவர் எழும்பாது என்று பார்த்தார்கள். மருந்தின் இலக்கைத் தேட இது சிக்கனமான வழி. முடிவை ஆய்வகம்தான் உறுதிசெய்ய வேண்டும் என்பது வேறு விஷயம்.

'இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவே செய்துவிடாதா?' என்பார்கள். துண்டுகளைப் பொருத்தும் வேலையை எந்திரம் ஏற்கெனவே செய்கிறது. தவறான வரைபடத்தைக் கொடுத்தால் அதையும் வேகமாகச் செய்து முடிக்கும். வேலை பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. மட்டும் கைக்கு வேலை தராது என்பதைக் கல்லூரி விளம்பரங்கள் சொல்வதில்லை. தயாராக உள்ள மென்பொருளில் பட்டனை அழுத்தக் கற்றவருக்குச் சந்தையில் மதிப்பில்லை. புள்ளியியலும் நிரல் எழுதுதலும் கிருமியியலும் சேர்ந்து தெரிந்தவருக்கு மருத்துவமனைத் தரவு, மருந்து ஆய்வு, முனைவர் பட்டம் என வழிகள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்று எங்கே சேர விரும்பினாலும், முதல் பருவத்தில் புள்ளியியல் எத்தனை மணி நேரம், ஆய்வகத்தில் கை வைக்க விடுவார்களா என்று விசாரித்துவிட்டுச் சேர வேண்டும்.

சிப்காட்டுக்கும் இந்தக் கிருமி ஆராய்ச்சியில் பங்கு இருக்கிறது. வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் நெரிசலான அறைகளில் தங்குகிறார்கள். வட இந்தியாவில் மிகுந்திருப்பது மூன்றாம் வம்சாவளி. ஒருவருக்குக் காசநோய் வந்தால், அது ஊரிலிருந்து உடன் வந்ததா, இங்கே அறைத்தோழரிடமிருந்து தொற்றியதா என்பதற்கு மரபணு ஒப்பீடு நல்ல தடயம் தரும். அவர்கள்மீது பழி போட அல்ல. இங்கே தொற்றியது என்றால், அறைக்கு எத்தனை பேர், ஜன்னல் எத்தனை என்று ஒப்பந்ததாரரிடம் கேட்பதற்கு.