சாதி தெரிந்தா, சாதிக்காகவா?

2018 நவம்பரில் ஓசூர் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இளம் தம்பதியைக் கடத்திக் கொன்றார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரி ஆற்றில் கிடைத்தன. கணவர் பட்டியல் சாதி, மனைவி வேறு சாதி. பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள்.

இப்படிப்பட்ட வழக்கில் சாதிவெறிக்கென்று தனித் தண்டனை உண்டா? உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறக்கூடிய குற்றத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பிற சாதியார் செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது. ஆனால் அந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்ற 'காரணத்தால்' செய்தார்கள் என்று முன்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. நிலத் தகராறு, பணத் தகராறு என்று எதிர்த்தரப்பு சொல்லும். சாதிக்குச் சாட்சி இருக்காது. கொலைக்கான தண்டனை நிற்கும், வன்கொடுமைத் தண்டனை ரத்தாகும்.

2016 ஜனவரி 26 முதல் சாதி 'தெரிந்தே' செய்தாலே போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று காட்டுவது அவர் பொறுப்பு. பழைய சட்டத்துக்கும்கூடச் சாதி ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே வழக்கில், சாட்சியம் போதவில்லை என்று வன்கொடுமைத் தண்டனையை ரத்தும் செய்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரே வெறிக்குப் பலியான இருவரில், இந்தச் சட்டம் கணவரின் கொலைக்கு மட்டுமே பொருந்தும். மனைவியின் கொலை வெறும் கொலை. ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் கேட்பவர்களின் நியாயம் இதில்தான் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம், இனம், சாதி, பிறந்த இடம், மொழி காரணமாக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் தூக்கு அல்லது ஆயுள் என்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும், வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த ஓசூருக்கு இது முக்கியம். ஆனால் நான்கு பேர் என்றால் பொருந்தாது. 'காரணமாக' என்பதை நிரூபிக்கும் சுமையும் திரும்பி வந்துவிட்டது.

அதனால் புகார் கொடுக்கும்போது, திட்டிய வார்த்தை, மிரட்டிய ஆள், கேட்ட சாட்சி எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதவையுங்கள். சாதிச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.